வட்டமாகாத நட்சத்திரம்: டோங்காட்டில் ஒரு புது வான்படக்காரரின் ஆறு மாதம்

அண்ணாச்சி முதன்முதலாக எடுத்துக்கொண்டு வந்து காட்டிய படத்தில் நட்சத்திரமே இல்லை. கறுப்புத் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள்; எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு. "மழை பெய்யற மாதிரி இருக்கு தம்பி" என்றார். தொலைநோக்கி வழியே கரீனா நெபுலாவை, வானத்து வாயு மேகம் ஒன்றை, படம் பிடிக்கப் போய்க் கிடைத்த மழை அது. அது மார்ச் மாதம். ஆகஸ்டில் அதே முற்றத்திலிருந்து லகூன் நெபுலாவை 3 மணி நேரம் எடுத்தார். நட்சத்திரங்கள் குண்டூசித் தலை மாதிரி உருண்டையாக விழுந்திருந்தன. இடையில் என்னென்ன தவறியது, எதை எப்படிக் கண்டுபிடித்தோம், எங்கே நான் தப்பாக வழிகாட்டினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆதாரம் அவருடைய நோட்டுப் புத்தகம். ஆலையில் ஷிஃப்ட் முடிந்ததும் லாக் எழுதிப் பழகிய மனிதர். ஒவ்வொரு இரவையும் மணி, காற்று, பனி, என்ன மாற்றினோம் என்று குறித்து வைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

ஆளும் கருவியும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது டோங்காட். 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த பிறகு, அடுத்தடுத்த கப்பல்களில் ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கிய குடும்பங்களில் அண்ணாச்சியுடையதும் ஒன்று. வயது அறுபத்து மூன்று. கரும்பு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழை ஆயாவிடமும் கோயில் வகுப்பிலும் கற்றவர். நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டேன். 'அண்ணாச்சி' நான் அவருக்குக் கொண்டுவந்த சொல்.

அவர் வாங்கியது 200 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத்தூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி. அதைச் சுமந்தது நடுத்தர எடையுள்ள பூமத்திய மவுண்ட், அதாவது வானம் சுழலும் வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் தாங்கி. கேமரா, வான்படத்துக்கென்று உள்வடிகட்டி ஏற்கெனவே மாற்றப்பட்ட பழைய டிஎஸ்எல்ஆர். பெரிய வாய் என்றால் நிறைய வெளிச்சம் என்று கடையில் சொன்னார்களாம். கண்ணால் பார்க்க அது உண்மை. படம் எடுக்க, அதிலும் முதல் வருடம், நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று பின்னால் வரும்.

கணக்கு ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் வைத்து வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலை என்று வரும். இவருடைய பிக்சல் 4.3 மைக்ரான். ஆக ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.89 விகலை. வானமோ வினாடிக்கு 15 விகலை ஓடுகிறது.

மழைக் கோடுகள்

அந்த முதல் படம் 10 வினாடி எக்ஸ்போஷர். கோட்டின் நீளத்தை அளந்தோம்: சுமார் 170 பிக்சல். மோட்டார் ஓடவே இல்லை என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு இருக்க வேண்டும்? கரீனா நெபுலா வானத்தின் நடுக்கோட்டிலிருந்து 60 பாகை தெற்கே இருக்கிறது. அங்கே நட்சத்திரம் வினாடிக்கு ஏழரை விகலைதான் நகரும். 10 வினாடிக்கு 75 விகலை, அதாவது 85 பிக்சல். நமக்குக் கிடைத்தது அதைப் போல இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு என்றதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "மோட்டார் ரிவர்ஸ்ல ஓடுது." அதேதான். மவுண்ட் வடகோளத்துக்கு என்ற அமைப்பில் இருந்தது. வடக்கில் வானம் துருவத்தைச் சுற்றி இடஞ்சுழியாகப் போகும், இங்கே வலஞ்சுழியாக. ஒரு பொத்தானில் தீர்ந்தது.

எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டியது வேறொன்று: இந்த மனிதர் கோட்டின் நீளத்தைப் பார்த்து இயந்திரத்தின் நோயைச் சொல்லக்கூடியவர். அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன்.

இருபத்தைந்து பாகை

அடுத்த இரவு கோடு குட்டையானது, மறையவில்லை. 10 வினாடிக்கே அறுபது பிக்சல் வரை. மவுண்டின் அச்சு தென்துருவத்தைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி காந்த ஊசி வைத்து, ஊசியின் தென்முனை காட்டிய பக்கம் முக்காலியைத் திருப்பியிருந்தார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

திருநெல்வேலியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம். ஊசி காட்டுவதை நம்பலாம், பெரிய கெடுதல் இல்லை. டர்பன் பக்கம் ஊசி ஏறத்தாழ 25 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஆகவே அது காட்டும் தெற்கு, உண்மைத் தெற்கிலிருந்து அதே அளவு கிழக்கே தள்ளியிருக்கும். பிறந்த ஊரின் ஊசியை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் திசை சொன்னேன். போதாக்குறைக்கு மவுண்டின் எஃகு எதிர்எடைக்குப் பக்கத்தில் வைத்து ஊசியைப் பார்த்திருந்தார்.

துருவ நட்சத்திரம் இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. டோங்காட்டில் அது அடிவானத்துக்குக் கீழே. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்கிறோமே, அந்த அருந்ததி இங்கே அதிகபட்சம் ஐந்து பாகைதான் எழும், அதுவும் கொஞ்ச நேரம். புரோகிதர் கை காட்டும் இடத்தில் பெரும்பாலும் அடுத்த வீட்டுக் கூரைதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது அகத்தியர் நட்சத்திரம்: நெல்லையில் தென்வானில் தாழ நிற்பவர் இங்கே வானில் உயர ஏறிவிடுகிறார்.

தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆக்டன்ஸ் நட்சத்திர மண்டலத்தின் சிக்மா. ஐந்தரை ஒளியளவு என்னும் மங்கல் நட்சத்திரம், துருவத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி இருக்கிறது. இருண்ட மலையில் கண் பழகினால் தெரியும். எங்கள் முற்றத்தில் தெரியாது. காரணம், துருவம் நிற்கும் இடம். தெற்கே கையை நீட்டி மூன்று முட்டி உயரம், அதற்கு நேர் கீழே 2010-ல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்தின் வெளிச்சம். இந்த ஆக்டன்ஸுக்குப் பெயர் வைத்தவரே இந்த நாட்டில் இருந்து வானத்தைப் பார்த்தவர்தான். பிரெஞ்சுப் பாதிரியார் லக்காய் 1751 முதல் 1753 வரை கேப் டவுனில் இருந்துகொண்டு, அரை அங்குல வாய் உள்ள சின்னத் தொலைநோக்கியால் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான நட்சத்திரங்களை அளந்தார்; புதிதாக 14 மண்டலங்களுக்குப் பெயரிட்டார். கரீனா நெபுலாவைக் குறித்து வைத்ததும் அவர்தான். அரை அங்குலம்! 200 மி.மீ.யை வைத்துக்கொண்டு திணறிய இரவுகளில் அண்ணாச்சிக்கு நான் அடிக்கடி சொன்ன கதை இது. அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா எரிச்சலாக இருந்ததா என்று தெரியாது.

கடைசியில் நகர்வு முறைக்குப் போனோம். துருவத்தைப் பார்க்கவே தேவையில்லை. நடுவானில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு அது வடக்கிலோ தெற்கிலோ நழுவுகிறதா என்று பார்த்து, மவுண்டின் திசைத் திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கில் தாழ்ந்த ஒன்றை வைத்து உயரத் திருகு. அச்சு ஒரு கலை தவறியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் கால் விகலை நழுவும். ஒரு பாகை தவறினால் 16 விகலை. அண்ணாச்சிக்கு மூன்று இரவு பிடித்தது. நான்காவது இரவு பிழை மூன்று கலைக்குள் வந்துவிட்டது. இன்றைக்கு அவர் மூன்று படம் எடுத்து மென்பொருளே அச்சைக் கணக்கிடும் முறையில் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார். ஆனாலும் அந்த மூன்று இரவை வீண் என்று சொல்ல மாட்டேன். திருகைத் திருப்பினால் வானத்தில் எது நகரும் என்பது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நிமிடத் தாளம்

ஏப்ரலில் 60 வினாடிப் படங்கள். இப்போது வினோதமான நிலைமை: பத்துப் படத்தில் மூன்று நான்கு அருமையாக இருக்கும், மற்றவை கிழக்கு மேற்காக இழுபட்டிருக்கும். நான் காற்று என்றேன். கடல் காற்று உண்மையிலேயே அந்த நீளமான குழாயைப் பாய்மரம் மாதிரி ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நேராக 'நல்லது', 'கெட்டது' என்று எழுதி, ஒரு மணி நேரத்தை ஒரே பக்கத்தில் பார்த்தார். காற்றுக்குத் தாளம் கிடையாது. இதில் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வந்தது.

"வார்ம் கியர் தம்பி. பல்லு எத்தனை?" திருகு மாதிரி இருக்கும் புழுப்பல், ஒரு சுற்றுக்கு ஒரு பல் என்று மவுண்டின் சக்கரத்தைத் தள்ளும் அமைப்பு அது. சக்கரத்தில் 144 பல் என்று கையேட்டில் இருந்தது. வானம் ஒரு சுற்று சுற்ற 86,164 வினாடி. 144-ஆல் வகுத்தால் 598. புழுப்பல்லின் ஒரு சுற்று, பத்து நிமிடம். புழுப்பல் மிகச் சிறிதளவு கோணலாக இருந்தாலும் மவுண்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முந்தும், பிந்தும். திரும்பும் இடங்களில் எடுத்த படங்கள் நன்றாக இருக்கும். நடுவில் வேகமாக ஓடும்போது எடுத்தவை இழுபடும். இந்த விலை மவுண்டில் இது சகஜம், பழுது என்று சொல்வதற்கில்லை. வழக்கமான மருந்து, துணைத் தொலைநோக்கியில் சின்னக் கேமரா வைத்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மவுண்டைத் திருத்துவது. அதற்குப் பெயர் கைடிங்.

இங்கே நான் ஒரு முடிவு எடுத்தேன், அது சரியாகவே அமைந்தது. நியூட்டன் குழாயை இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் இருந்த 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியை, 480 மி.மீ. குவியத்தூரம், இரவல் கொடுத்தேன். ஒரு பிக்சலுக்கு 1.85 விகலை. அதே தவறு படத்தில் பாதியளவுதான் தெரியும். எடை குறைவு, காற்றும் பிடிக்காது. அண்ணாச்சிக்கு மனசே இல்லை. "பெருசை வாங்கிட்டு சின்னதுல பார்க்கணுமா?" பெரிசு இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு சனிக்கோளைக் காட்ட.

கரும்பு வெட்டும் காலம் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. இங்கே வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். கருஞ்சாம்பல் காற்றில் வந்து துணிக்கொடியிலும் முற்றத்திலும் விழும். திறந்த வாய் உள்ள நியூட்டன் கண்ணாடியில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் லென்ஸ் குழாயோடு முழுசாகச் சமாதானமானார்.

நான் வீணாக்கிய இரண்டு மாதம்

மே முடிவில் கைடிங் வந்தது. 30 மி.மீ. துணைத் தொலைநோக்கி, அதைப் பிரதான குழாயின் மேல் ஃபைண்டர், அதாவது இலக்கைத் தேடும் சின்னக் குழாய், உட்காரும் 'காலணி' என்ற பிடியில் சொருகினோம். திரையில் கைடிங்கின் பிழையைக் காட்டும் வரைகோடு தட்டையாக ஓடியது: சராசரிப் பிழை 0.8 விகலை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டும் விடும் வடிகட்டி போட்டதால் நகர வெளிச்சத்தில் கூட 300 வினாடி திறந்து வைக்க முடிந்தது. படத்தைப் பார்த்தால் நட்சத்திரம் முட்டை.

வரைகோடு தட்டை, நட்சத்திரம் முட்டை. ஜூன் முழுவதும் இதே கதை. குளிர்காலம், நடால் கடற்கரைக்கு இதுதான் தெளிந்த வானம், அதைத்தான் தொலைத்தோம். முதலில் துருவச் சீரமைப்பு என்று சொல்லி ஒன்பது இரவு அதையே செய்ய வைத்தேன். பிறகு கேமரா சாய்ந்திருக்கிறது என்றேன். பிறகு கைடிங் மென்பொருளின் ஒவ்வொரு எண்ணையும் மாற்றச் சொன்னேன், சில இரவு ஒரே நேரத்தில் மூன்றை. அந்தப் பக்கங்களில் நோட்டு குழம்பிப் போயிருக்கிறது. எது எதை மாற்றியது என்று இப்போது பார்த்தாலும் பிரிக்க முடியவில்லை. நடுநடுவே மின்வெட்டு வேறு. தெரு அணைந்து பால்வீதி கூரைக்கு மேல் வழியும் நேரத்தில் மடிக்கணினி பேட்டரி செத்துக்கொண்டிருக்கும். லாரி பேட்டரி ஒன்றை அண்ணாச்சி கொண்டுவந்து வைத்த பிறகு அந்தக் கவலை ஒழிந்தது.

நட்சத்திரத்தின் வடிவத்தை ஒழுங்காக விசாரித்திருந்தால் ஒரே இரவில் முடிந்திருக்கும். துருவ அச்சு தவறியிருந்தால், கைடிங் பிடித்துக்கொண்ட நட்சத்திரத்தைச் சுற்றிப் படம் சுழலும்; மூலைக்கு மூலை இழுப்பின் திசை மாறும். இங்கே படம் முழுக்க ஒரே திசை. கேமரா சாய்வு என்றால் 30 வினாடிப் படத்திலும் தெரிய வேண்டும். 30 வினாடியில் எல்லாம் உருண்டை. மவுண்ட் தள்ளாடினால் வரைகோட்டில் விழும், விழவில்லை. மிச்சம் ஒன்றுதான். துணைத் தொலைநோக்கி பார்க்கும் திசையும் பிரதானக் குழாய் பார்க்கும் திசையும் ஒன்றுக்கொன்று மெல்ல விலகுகின்றன. துணைக்குழாய் தன் நட்சத்திரத்தை விடாமல் பிடித்திருக்கிறது, அதனால் வரைகோடு தட்டை. அது பிடித்திருப்பது தப்பான இடத்தை என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்த விளக்கத்தை ஜூலைக் கடைசியில்தான் சொன்னேன், சொல்லும்போது கூட மென்பொருளில் ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. "இரும்பு வளையுதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே."

டயல் கேஜ்

முதலில் அளவு. படங்களுக்கிடையே வேண்டுமென்றே இடம் தள்ளும் டிதரிங்கை அணைத்துவிட்டு, 2 மணி நேரம் தொடர்ந்து எடுத்தோம், 300 வினாடியாக 24 படம். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் 3 பிக்சல் நழுவியிருந்தது. 3 பெருக்கல் 1.85 பெருக்கல் 24: ஏறத்தாழ 133 விகலை. துணைக்குழாயின் நீளம் 150 மி.மீ. அந்த நீளத்துக்கு 133 விகலைச் சாய்வு என்றால் ஒரு முனை மற்றதைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.

எனக்கு அது நம்ப முடியாத அளவு சின்ன எண். அவருக்கு அது பெரிய எண். ஆலையில் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த டயல் கேஜில் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பத்துக் கோடு ஓடினால் தண்டையே கழற்றிவிடுவார்களாம்.

மறுநாள் பகலில், வெயிலில், வானமே இல்லாமல் சோதனை நடந்தது. கேஜின் காந்தக் கால் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பிரதானக் குழாயின் வளையத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஊசி முனையைத் துணைக்குழாயின் முன்பக்கம் தொட வைத்தார். மவுண்டின் பிடியைத் தளர்த்தித் தொலைநோக்கியைக் கிழக்கிலிருந்து மேற்குக்குக் கையாலேயே மெதுவாகச் சாய்த்தார். முள் பதினொரு கோடு நகர்ந்தது. திரும்பக் கொண்டுவந்தார், முள்ளும் திரும்பியது. இரண்டாவது முறை துணைக் கேமராவின் யூஎஸ்பி வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்தார்: எட்டு. மூன்று கோடு அந்த வயரின் கனம் மட்டும்!

அத்தனை எடையும் ஒற்றைக் கைத்திருகு இறுக்கிய காலணியில் நின்றது. ஃபைண்டருக்கு அது போதும், கண் பத்தில் ஒரு மில்லிமீட்டரைப் பார்க்காது. அவர் ஒரு அலுமினியக் கட்டியை எடுத்து, சிநேகிதர் பட்டறையில் லேத்தில் இரண்டு வளையம் கடைந்து, 100 மி.மீ. இடைவெளியில் அடித்தட்டோடு சேர்த்து இறுக்கினார். வயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டினார். மறுபடி கேஜ். முள் ஒரு கோட்டுக்குள் நின்றது.

அன்று இரவு முதல் 300 வினாடிப் படம் இறங்கியபோது நான் அங்கே இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டார். "ரவுண்டு" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

லகூன், அதற்குப் பிறகு

ஆகஸ்ட் முதல் வாரம் இரவு ஒன்பது மணிக்கு லகூன் நெபுலா டோங்காட்டில் உச்சியிலிருந்து ஐந்தாறு பாகைதான் தள்ளி நிற்கும். நம் பால்வீதியின் மையம் அதைவிட நெருக்கம், கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். வடக்கில் இருப்பவர்கள் அடிவானத்துப் புகையில் துழாவி எடுக்கும் பகுதி இது. அண்ணாச்சி கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்து எடுத்தார். மூன்று இரவில் 300 வினாடியாக 36 நல்ல படம். ஒன்றோடொன்று சேர்த்தால் சத்தம், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறையும், 36 சேர்த்தால் ஆறு மடங்கு சுத்தம். ஆறு மடங்கு ஏழு மடங்காக வேண்டும் என்றால் 49 வேண்டும், அதனால் எங்கே நிறுத்துவது என்பதை வானத்தைவிடப் பொறுமைதான் முடிவு செய்கிறது. கேமராவின் பிசிறைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் டார்க், மூலை மங்கலைச் சரிசெய்ய வெறும் வெளிச்சத்தை எடுக்கும் ஃபிளாட், இரண்டும் எடுத்தார். ஃபிளாட்டுக்கு விடியற்காலை வானமும் ஒரு வெள்ளை வேட்டியும். பனியைத் தடுக்க லென்ஸைச் சுற்றி ரெசிஸ்டர்களைக் கோத்து அவரே செய்த சூட்டுப் பட்டை. மென்பொருளில் நிறம் இழுப்பதில் அவருக்கு இன்னும் கை கனம். சிவப்பைக் கொஞ்சம் அதிகமாக்கிவிட்டார். ஹைட்ரஜன் சிவப்புதானே என்கிறார்.

ஒரே குறை: படத்தின் நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் மையத்தை நோக்கிச் சற்றே நீண்டிருக்கின்றன. முன்போல ஒரே திசை இல்லை, மூலைக்கு ஒரு திசை. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே விசாரணையை முடித்துவிட்டார். 30 வினாடிப் படத்திலும் இருக்கிறது, ஆகவே மவுண்ட் இல்லை. நான்கு மூலையும் ஒரே அளவு, ஆகவே சாய்வு இல்லை. மிச்சம், ஓரம் வரை படம் கூராக விழப் புலத்தைத் தட்டையாக்கும் லென்ஸுக்கும் கேமராச் சில்லுக்கும் இடையிலான தூரம். 55 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரில் அளந்தார், 55.0 சரியாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்தேன். இடையில் இருக்கும் வடிகட்டியின் கண்ணாடி 2 மி.மீ. கனம், ஒளி கண்ணாடிக்குள் வளைவதால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தூரத்தில் கூட்ட வேண்டும். ஆக வேண்டியது 55.7. அந்த மிச்சத்துக்கு இடையில் ஒரு மெல்லிய தகடு, ஷிம், போட வேண்டும்.

நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது: "ஷிம் 0.7. பித்தளை. சனிக்கிழமை."